வண்டி உங்களுது... மெக்கானிக்கை முடிவு பண்றது யாரு? இன்சூரன்ஸ் கிளைமில் கார் ஓனர்கள் கோட்டை விடும் இடம்!

சென்னை:

சென்னையில் ஏதாவது ஒரு சிக்னலில் தினமும் நடக்கிற காட்சி தான் இது. முன்னால் போன ஷேர் ஆட்டோ சடன் பிரேக் போடுகிறது. பின்னால் வந்த கார் போய் முட்டுகிறது. பம்பர் தொங்குகிறது, பானெட் மடிகிறது, முன் கண்ணாடியில் விரிசல். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரை ஓரம் கட்டிய ஓனர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போடுகிறார்.

"சார், உங்க ஏரியாவுல இருக்கிற எங்க நெட்வொர்க் கேரேஜ் லிஸ்ட் அனுப்புறோம். அங்க விட்டுடுங்க."

"எங்க தெரு முனையில பத்து வருஷமா இந்த வண்டியைப் பாக்குற மெக்கானிக் இருக்காருங்க. அவர்கிட்ட விடலாமா?"

"அங்க விட்டா கேஷ்லெஸ் வராது சார்."

அவ்வளவு தான். "கேஷ்லெஸ் வராது" என்று எதிர்முனையில் சொன்னது, இந்தப் பக்கம் "கிளைமே வராது" என்று காதில் விழுகிறது. கார் மறுபேச்சு இல்லாமல் லிஸ்ட்டில் இருக்கிற ஒர்க் ஷாப்புக்குப் போய் விடுகிறது. போனில் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி தான் சொல்லப்பட்டது. மீதி பாதியை ஓனரும் கேட்கவில்லை.

இரண்டும் வேற வேற

கேஷ்லெஸ் என்பது என்ன? இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒரு ஒர்க் ஷாப்பும் முன்கூட்டியே போட்டுக் கொள்ளும் ஒப்பந்தம். வண்டி ரெடியானதும் கம்பெனி தன் பங்கை நேராக ஒர்க் ஷாப்புக்கு கட்டி விடும். ஓனர் தன் பங்கை மட்டும் கட்டி விட்டு சாவியை வாங்கலாம்.

ஒப்பந்தம் இல்லாத ஒர்க் ஷாப்பில் விட்டால், முழு பில்லையும் ஓனர் கட்ட வேண்டும். பிறகு பில்லையும் ரசீதையும் கொடுத்து கம்பெனியிடம் பணத்தை திரும்ப வாங்க வேண்டும். இதற்குப் பெயர் ரீ-இம்பர்ஸ்மெண்ட்.

பாலிசி ஒன்று தான். பிரிமியமும் ஒன்று தான். சாதாரண பாலிசியில் தேய்மானக் கழிவும் இரண்டு வழிக்கும் ஒரே மாதிரி தான். மாறுவது ஒன்றே ஒன்று, பணம் முதலில் யார் கையில் இருந்து போகிறது என்பது. அதாவது நெட்வொர்க் கேரேஜ் தருவது ஒரு வசதி. அதை சட்டம் மாதிரி நினைத்துக் கொள்வது தான் சிக்கல்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லி விட வேண்டும். இதெல்லாம் சொந்த வண்டியின் சேதத்துக்கும் கவர் உள்ள பாலிசி வைத்திருப்பவர்களுக்குத் தான். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டியவர்கள் தங்கள் வண்டிக்கு எந்த ஒர்க் ஷாப்பில் விட்டாலும் சொந்தப் பணம் தான்.

பாலிசியில் என்ன இருக்கு?

நம் நாட்டில் மோட்டார் பாலிசி வாசகங்களுக்கு அடிப்படை 2002ம் ஆண்டு வந்த இந்திய மோட்டார் டாரிப். 2007ம் ஆண்டு சொந்த சேதத்துக்கான பிரிமியத்தை கம்பெனிகளே நிர்ணயிக்க விட்டார்கள். ஆனால் பாலிசி வாசகம் பெரும்பாலும் அந்தப் பழைய அச்சு தான்.

அதில் இருப்பது இது. ரிப்பேருக்கு வண்டியை விடும் பொறுப்பு ஓனருக்கு இருக்கிறது. எஸ்டிமேட்டை உடனே கம்பெனிக்கு கொடுக்க வேண்டும். ரிப்பேர் தேவை தானா, கட்டணம் நியாயமா என்று கம்பெனி பார்க்க ஒத்துழைக்க வேண்டும். கம்பெனியைக் கேட்காமல் ஓனரே செய்து கொள்ளக் கூடிய ரிப்பேருக்கு பழைய டாரிப்பில் போட்டிருந்த வரம்பு வெறும் 500 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசில் ஒரு இண்டிகேட்டர் மாற்றுவதே கஷ்டம். ஆக, எந்த ரிப்பேர் என்றாலும் கம்பெனிக்கு சொல்லி விட்டுத் தான் கை வைக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கம்பெனி விரும்பினால் தானே ரிப்பேர் செய்து தரலாம், அல்லது பார்ட்ஸ் மாற்றித் தரலாம், அல்லது பணமாகத் தரலாம். நடைமுறையில் பணமாகத் தான் செட்டில் ஆகிறது.

இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிடைக்கிற கணக்கு இது தான். எங்கே ரிப்பேர் என்பது ஓனர் முடிவு. எவ்வளவு பணம் என்பது சர்வேயர் மதிப்பீடு. இந்த இரண்டையும் குழப்பிக் கொள்வதால் தான் உரிமை கையை விட்டுப் போகிறது.

வெளிநாடுகளில் இதற்கு தனிச் சட்டமே இருக்கிறது. பிரான்சில் 2014ம் ஆண்டு வந்த சட்டப்படி, ரிப்பேர் கடையை வாடிக்கையாளரே தேர்வு செய்யலாம் என்பதை இன்சூரன்ஸ் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்களில் "இந்தக் கடையில் தான் விடணும்" என்று கம்பெனி கட்டாயப்படுத்த சட்டம் தடை போட்டிருக்கிறது. இங்கே அப்படி ஒரு வரி இல்லை. அதனால் தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கம்பெனி ஏன் இழுக்கிறது?

நெட்வொர்க் கேரேஜில் லேபர் சார்ஜ் முன்பே பேசி வைத்தது. பார்ட்ஸில் தள்ளுபடி கிடைக்கும். போட்டோ, பில் எல்லாம் கம்ப்யூட்டரில் உடனே வந்து விடும். போலி பில், பழைய டேமேஜை புது ஆக்சிடெண்டில் சேர்ப்பது போன்ற தில்லுமுல்லுகளையும் கட்டுப்படுத்தலாம். கம்பெனி சொல்லும் இந்தக் காரணங்களில் நியாயம் இருக்கிறது. "இன்சூரன்ஸா? அப்ப எஸ்டிமேட்டை கொஞ்சம் ஏத்திப் போட்டுடலாம்" என்று சொல்கிற மெக்கானிக்கும் ஊரில் உண்டு. சில கம்பெனிகள் நெட்வொர்க்கில் செய்த வேலைக்கு சில மாதம் வாரண்டியும் தருகின்றன.

ஆனால் மறுபக்கமும் பார்க்க வேண்டும். மாதம் முழுக்க வேலை அனுப்புகிற கம்பெனி ஒரு பக்கம், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஓனர் ஒரு பக்கம். சண்டை என்று வந்தால் ஒர்க் ஷாப் யார் பேச்சைக் கேட்கும்? ஷோரூமே பாலிசியையும் விற்று, ரிப்பேரையும் செய்து, பில்லையும் போடும் போது ஓனருக்காகப் பேச அந்தக் கூடத்தில் ஒருத்தரும் இருப்பதில்லை. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கு ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017ம் ஆண்டு தனி விதிமுறை கொண்டு வந்தது. எங்களிடம் தான் பாலிசி எடுக்கணும் என்று டீலர் கட்டாயப்படுத்த முடியாது. இது தெரியாமல் ஷோரூமில் நீட்டிய பேப்பரில் கையெழுத்து போட்டு வருபவர்கள் தான் அதிகம்.

பாக்கெட்டில் இருந்து போவது எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. காருக்கு வயது நாலரை வருஷம். என்ஜின் 1500 சி.சி.க்கு உள்ளே. பம்பர் 12 ஆயிரம், பானெட் 20 ஆயிரம், முன் கண்ணாடி 8 ஆயிரம், பெயிண்டிங் 8 ஆயிரம், லேபர் 6 ஆயிரம். மொத்தம் 54 ஆயிரம் ரூபாய் பில் என்று வைத்துக் கொள்வோம். வரியும் இதிலேயே அடக்கம்.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி இதற்கெல்லாம் பாதி தான் கிடைக்கும். ஆக பம்பருக்கு 6 ஆயிரம். பானெட் இரும்பு. 4 முதல் 5 வருஷ வண்டிக்கு 35 சதவீதம் கழிவு. அதற்கு 13 ஆயிரம். கண்ணாடிக்கு கழிவு கிடையாது, முழுசாக 8 ஆயிரம். பெயிண்டிங் பில்லில் கால் பங்கை பெயிண்ட் செலவு என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். மிச்சம் 7 ஆயிரம். லேபர் முழுசாக 6 ஆயிரம். கூட்டினால் 40 ஆயிரம். இதில் கட்டாயப் பிடித்தம் ஆயிரம் ரூபாய். கம்பெனி தருவது 39 ஆயிரம். ஓனர் கையில் இருந்து போவது 15 ஆயிரம்.

இதே காரை தெரு முனை மெக்கானிக் பார்க்கிறார். "பானெட்டை மாத்த வேணாம் சார், டிங்கரிங் பண்ணா நிமிந்துடும், 5 ஆயிரம் ஆகும்" என்கிறார். இப்போது பில் 39 ஆயிரம். பானெட் கழிவு போச்சு. கம்பெனி தருவது 31 ஆயிரம். ஓனர் கட்டுவது 8 ஆயிரம்.

பாருங்கள்... ஓனருக்கு 7 ஆயிரம் மிச்சம், கம்பெனிக்கும் 8 ஆயிரம் மிச்சம். கேஷ்லெஸ் என்ற வார்த்தையைக் கேட்டு "நமக்கு செலவே இல்லை" என்று நினைத்து, மாற்றுவதா தட்டுவதா என்று விசாரிக்காமல் விடுகிறவர்கள் இழப்பது இதைத் தான். கேஷ்லெஸ் என்றாலும் தேய்மானக் கழிவு ஓனர் தலையில் தான். ஜீரோ டெப்ரிசியேஷன் என்று கூடுதல் பிரிமியம் கட்டியவர்களுக்கு மட்டும் தான் இந்தக் கழிவு இல்லை. அதிலும் வருஷத்துக்கு இத்தனை கிளைம் தான் என்று வரம்பு வைத்திருப்பார்கள்.

சின்ன அடி என்றால் கிளைமே போடாமல் இருப்பது கூட லாபம். கிளைம் போடாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து போடாமல் இருந்தால் 50 சதவீதம் வரை நோ கிளைம் போனஸ் ஏறும். ஒரு கிளைம் போட்டால் அது காலி. போடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணவாவது, நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு மெக்கானிக்கிடம் இன்னொரு எஸ்டிமேட் வாங்குவது நல்லது.

எல்லாத்துக்கும் தெரு மெக்கானிக்கா?

அப்படியும் இல்லை. ஏர்பேக் விரிந்த வண்டி, சேஸிஸ் வளைந்த வண்டி, எலெக்ட்ரிக் கார், வாரண்டி முடியாத புது கார்... இதெல்லாம் கருவியும் பயிற்சியும் உள்ள இடத்துக்குத் தான் போக வேண்டும். உரிமை என்பது சின்னக் கடைக்குத் தான் போகணும் என்பது இல்லை. எங்கே போவது என்று ஓனர் யோசித்து முடிவு செய்வது.

தனி மெக்கானிக்குகளுக்கு தொழில் தெரிந்தாலும் பார்ட்ஸும் ஸ்கேனரும் கிடைப்பது தான் குதிரைக் கொம்பு. இந்தப் பிரச்சினை டெல்லி வரை போனது. ஒரிஜினல் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு கிடைக்க விடாமல் தடுத்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியில் ரிப்பேர் செய்தால் வாரண்டி மொத்தமாக ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதன் பிறகு 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "ரைட் டு ரிப்பேர்" இணையதளத்தை தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு.

புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ எந்தப் பார்ட்ஸ் கிடைக்கும் என்று அத்துப்படியாகத் தெரிந்த மெக்கானிக்குகள் சென்னையில் ஏராளம். ஆனால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த பில் சர்வேயர் முன்னால் நிற்காது. வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வேலை செய்கிற சின்ன ஒர்க் ஷாப்புக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை. அப்படி உள்ளவர்கள் கூட கடை பெயர், முகவரி, பில் நம்பர், தேதி, வண்டி நம்பரோடு அச்சடித்த பில் தர வேண்டும். பார்ட்ஸ் வாங்கிய கடை பில்லும் தனியாக வேண்டும். பேப்பர் சரியாக இல்லாத இடத்தில் விட்டு விட்டு அப்புறம் கம்பெனியைத் திட்டி பிரயோஜனம் இல்லை.

வெள்ளம் வந்தா தெரியும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்கள் தண்ணீரில் மிதந்தது யாருக்கும் மறந்திருக்காது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி பாலத்தின் மேல் ஜனங்கள் காரை வரிசையாக நிறுத்தி வைத்ததும் அந்த பயத்தில் தான்.

ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கினால் லிஸ்ட்டில் இருக்கிற ஒர்க் ஷாப்புகள் எத்தனை வண்டியைத் தாங்கும்? தண்ணீர் புகுந்த காரை எவ்வளவு நாள் போடுகிறோமோ அவ்வளவு கெடுதல். ஒயரிங் அரிக்கும், சீட் பூசணம் பிடிக்கும். "எங்க ஒர்க் ஷாப்புல இடம் இல்ல, வெயிட் பண்ணுங்க" என்று சொன்னால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போய் உலர்த்தி வேலையைத் தொடங்குகிற உரிமை அப்போது தான் உண்மையிலேயே தேவைப்படுகிறது. கம்பெனிக்கு மெயில் அனுப்பி, சர்வேயர் பார்த்த பிறகு பிரித்தால் போதும்.

ஒன்று மட்டும் உஷார். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. அதனால் என்ஜின் போனால் அது பின்விளைவு சேதம் என்று சொல்லி கம்பெனி கையை விரித்து விடும். என்ஜின் பாதுகாப்பு கவர் தனியாக எடுத்தவர்களுக்கே அதில் வழி இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

* பாலிசி எடுக்கும் போதே நிபந்தனையைப் படியுங்கள். நெட்வொர்க்குக்கு வெளியே போனால் கூடுதல் பிடித்தம் என்று எழுதி, அதற்காக பிரிமியத்தைக் குறைத்திருந்தால் அது ஒப்பந்தம். பிறகு சண்டை போட முடியாது.

* ஆக்சிடெண்ட் ஆனதும் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ, வீடியோ எடுங்கள். அன்றைக்கே கம்பெனிக்கு தகவல் சொல்லி கிளைம் நம்பர் வாங்குங்கள்.

* எந்த ஒர்க் ஷாப்பில் விடுகிறீர்கள் என்பதை மெயிலிலோ எஸ்.எம்.எஸ்.சிலோ தெரிவியுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

* சர்வேயர் பார்க்கும் வரை ஒரு ஸ்குரூவைக் கூட கழட்ட விடாதீர்கள். 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிற மோட்டார் கிளைமுக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம். பிரித்த பிறகு உள்ளே புது சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்தி மறுபடியும் அவரை அழையுங்கள்.

* சர்வே ரிப்போர்ட் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எது கழிக்கப்பட்டது, ஏன் என்று அதில் தான் தெரியும்.

* வண்டியை ஓட்டிப் பார்த்து திருப்தியான பிறகு தான் "வேலை திருப்தி" பேப்பரில் கையெழுத்து போட வேண்டும். சாவி கொடுக்கிற அவசரத்தில் வேண்டாம்.

இழுத்தடித்தால்?

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை ஒதுக்க வேண்டும். அவர் 15 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும். ரிப்போர்ட் வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். நெட்வொர்க் கேரேஜா, தெரு முனை ஷெட்டா என்ற பாகுபாடு இந்தக் கெடுவில் கிடையாது.

நடக்கவில்லை என்றால் முதலில் கம்பெனியின் குறை தீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் "பீமா பரோசா" தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிக்கலாம். பீஸ் கிடையாது, வக்கீலும் தேவை இல்லை. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். இல்லாவிட்டால் நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. அதற்கு கெடு 2 வருஷம்.

கையில் 40, 50 ஆயிரம் புரட்ட முடியாதவர்களுக்கு கேஷ்லெஸ் பெரிய உதவி. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடன் வாங்கி பில் கட்டி விட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதை விட அதுவே மேல் என்று ஒருவர் முடிவு செய்தால் அதுவும் அவர் உரிமை தான். ஆனால் அந்த முடிவு விஷயம் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

அதற்கு போனில் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"கேஷ்லெஸ் வராதா? சரிங்க. நானே பில் கட்டிட்டு கிளைம் பண்ணா வருமா? அதை மெயில்ல போடுங்க."

பதில் எழுத்தில் வந்து விட்டால், அதன் பிறகு வண்டியை எங்கே விடுவது என்பதை ஓனரே முடிவு செய்து கொள்ளலாம்.